விளக்கு மேசையில் என் இடுப்பு

என் எலும்பில் சுத்தியல் விழும் சத்தத்தை நானே படுத்துக்கொண்டு கேட்டேன். முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தார்கள். நெஞ்சுக்கு மேலே ஒரு பச்சைத் துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அதற்கு அப்பால் தச்சு வேலை நடப்பது போல இருந்தது. டக், டக், டக். ஒவ்வொரு அடிக்கும் என் பற்கள் ஒன்றோடொன்று மோதின. வலி கொஞ்சமும் இல்லை. பக்கத்து வீட்டில் கதவு நிலை பொருத்துகிறார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

"முடியப் போகுது, பயப்படாதீங்க" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் தமிழில் சொன்னது.

சுத்தியல் சத்தத்தைவிட அந்தக் குரல்தான் என்னைத் திகைக்க வைத்தது. எங்கள் தீவில் தமிழ் என்பது கோவிலில் கேட்கிற மொழி. வீட்டிலும் கடையிலும் வேலையிடத்திலும் நாங்கள் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல். சின்ன வயதில் கோவிலின் மாலை வகுப்பில் தமிழ் எழுத்துப் படித்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனாலும் அதை மட்டும் விடவில்லை. பாட்டுப் புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்து, பிறகு எழுதவும் வந்தது. பேசத்தான் ஆள் கிடையாது. முருகனிடம் மட்டும் பேசுவேன். அவர் திருப்பிப் பேசியதில்லை. இப்போது திரைக்கு அப்பால் ஒருவர் என் எலும்பில் அடித்துக்கொண்டே அந்த மொழியில் எனக்குத் தைரியம் சொல்கிறார். நான் சங்கோசக்காரன். "சரி ஐயா" என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த டாக்டர். வருடத்துக்கு ஒருமுறை சில வாரங்களுக்கு ஒரு குழுவாக வருவார்கள். காத்திருப்பவர்களுக்கு மூட்டு மாற்றிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். நான் வார்டில் கண் விழித்து எழுந்து உட்காருவதற்குள் அவர் அடுத்த ஆளின் காலருகே நின்றிருந்தார். அதற்கடுத்த வாரம் விமானம் ஏறிவிட்டார்.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. எண்பதுகளின் கடைசி. ரோஸ் பெல் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில், இருபது வயதில், கரும்பு ஏற்றிய லாரியின் மேலிருந்து விழுந்தேன். எழுந்து நடந்தேன், வேலையும் செய்தேன். ஆனால் வலது இடுப்பு மூட்டு உள்ளுக்குள்ளேயே தேய்ந்துகொண்டு வந்திருக்கிறது. நாற்பதுக்கு மேல் நொண்ட ஆரம்பித்தேன்.

அந்த வருடங்களில் தீவு முழுக்க ஆலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. கரும்பு நின்ற வயலில் அடுத்த வருடம் தகரக் கூரை நின்றது. விடியற்காலையில் வேன்கள் சந்து சந்தாக வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். கரும்பு வெட்ட முடியாத நானும் குடும்பத்தோடு வக்குவாவுக்கு வந்து ஒரு ஸ்வெட்டர் ஆலையில் சேர்ந்தேன். நிற்கிற வேலை எனக்கு ஆகாது என்று பார்த்ததும் மேற்பார்வையாளர் என்னை விளக்கு மேசையில் உட்கார வைத்தார். அங்கே பதினோரு பெண்கள், நான் ஒருவன்தான் ஆண். முதல் ஆறு மாதம் நான் குனிந்த தலை நிமிரவில்லை.

விளக்கு மேசை என்பது உள்ளே குழல் விளக்கு எரிகிற வெள்ளைக் கண்ணாடி. பின்னி முடித்த ஸ்வெட்டரை அதன் மேல் விரித்து, கையை இழுத்து, கழுத்தை இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் ஊசிமுனை போல எட்டிப் பார்க்கும். உடனே அங்கே ஒரு துண்டுச் சிவப்பு நூலைக் கட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். சட்டம் அவ்வளவுதான்: வெளிச்சம் வரும் இடத்தில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். ஆறு வருடம் அதைச் செய்தேன். ஐரோப்பாவில் குளிருக்குப் போட்டுக்கொள்கிற யாரோ ஒருவரின் தோளில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொண்டது என் கண் என்று நினைக்கும்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

ஆபரேஷனுக்குப் பிறகு வலி போய்விடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பழைய வலி போனது உண்மை. எலும்போடு எலும்பு அரைக்கிற அந்த வலி ஒரே நாளில் காணாமல் போயிற்று. மூன்றாவது வாரத்தில் புது வலி ஒன்று வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து முதல் மூன்று அடி வைக்கும்போது தொடையின் நடுவில் யாரோ உள்ளிருந்து கட்டைவிரலால் அழுத்துவது போல இருக்கும். நாலாவது அடியில் குறையும். சில நாள் குறையாது. சில நாள் வரவே வராது. வக்குவாவின் தூறல் நாட்களில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கூடவே இருக்கும். ஒரு ஒழுங்கு இருந்தால் பழகிக்கொள்ளலாம். இதற்கு ஒழுங்கே இல்லை.

தாழ்வாக உட்காரக்கூடாது, கால் மேல் கால் போடக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீடு கட்டியபோது மிஞ்சிய சிமென்ட் கற்களை என் மனைவி கட்டிலின் நாலு காலுக்கும் கீழே வைத்தாள். எங்கள் தெருவில் எந்த வீடும் முடிந்த வீடு இல்லை. மாடி கட்டப்போகிறோம் என்ற நம்பிக்கையில் எல்லார் கூரையிலும் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். என்னைப் பார்க்க வந்த அடுத்த வீட்டுக்காரர் கட்டிலையும் என்னையும் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்களுக்கும் உள்ளே கம்பி வச்சாச்சு. மாடி எப்போ?" என்று கேட்டார். மனைவி சிரித்துக்கொண்டே தேநீர் கொண்டுவரப் போனாள். நானும் சிரித்தேன். சிரித்தபோதும் அந்தக் கட்டைவிரல் அழுத்தியது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளூர் டாக்டரிடம் போக வேண்டும். அவர் எக்ஸ்ரேயை அரை நிமிடம் தூக்கிப் பார்த்து, பிரெஞ்சில் ஏதோ எழுதுவார். "நல்லது. மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்பார். வலிக்கிறது என்று ஒருமுறை சொன்னேன். "கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்" என்றார். எவ்வளவு கொஞ்சம், எத்தனை நாள், எதனால் என்று கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு போவேன். அவர் பேனாவை மூடும் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவேன்.

அப்படி ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஆலைக்குப் போனேன். வேலைக்குத் திரும்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எக்ஸ்ரேயை நம்மிடமே கொடுத்துவிடுவார்கள். பழுப்பு உறையில் என் நாற்காலி ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தேன். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு என் மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி வெறுமையாக இருந்தது. அந்த வெறும் கண்ணாடியைப் பார்த்ததும் ஒரு ஆசை வந்தது. உறையிலிருந்து படத்தை எடுத்து, ஸ்வெட்டரை விரிப்பது போலவே அதன் மேல் விரித்தேன்.

அதற்கு முன் என் எலும்பை நான் பார்த்ததே இல்லை. டாக்டர் கையில் அது ஒரு கறுப்புத் தகடு. இங்கே, என் மேசையில், என் வெளிச்சத்தில், அது திறந்துகொண்டது. இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் ஒரு பெரிய பூவின் இதழ் போல விரிந்திருந்தது. தொடையெலும்புக்குள் மெல்லிய கோடுகள் வளைந்து வளைந்து, பின்னல் போலவே ஓடின. இதை யார் பின்னினார்கள்? எந்தக் கண்ணியும் விட்டுப்போகவில்லை. நாற்பத்தேழு வருடமாக இதைச் சுமந்துகொண்டு நான் கரும்பு வெட்டியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், கல்யாணம் செய்திருக்கிறேன். ஒரு முறையாவது இதை நினைத்ததில்லை. கை கூப்பத் தோன்றியது. யாரும் இல்லாததால் கூப்பினேன்.

பிறகு வேலைக்காரக் கண் விழித்துக்கொண்டது.

வலது பக்கத்தில் எலும்புக்குள் நீண்ட ஒரு தண்டு, அதன் உச்சியில் ஒரு குண்டு. இரண்டும் பளீரென்று வெளிச்சமாக இருந்தன. அது இரும்பு என்று தெரியும். அப்படியானால் இந்தப் படத்தில் எல்லாம் எங்கள் மேசைக்கு நேர் எதிர்: பொருள் இருக்கும் இடம் வெளிச்சம், இல்லாத இடம் இருட்டு. அதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அந்தப் பெருமையோடு குண்டைச் சுற்றிப் பார்த்தேன். குண்டுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு இருட்டு. விரல் அகலம் இருக்கும். குண்டு எதையும் தொடவில்லை. அந்தரத்தில் நின்றது. இருட்டின் நடுவில் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு மட்டும் அரைவட்டமாகத் தனியே மிதந்தது.

"தோந்தோன், என்ன அது, புது டிசைனா?"

பின்னால் நின்றவள் பக்கத்து மேசைக்காரி. துறைமுகப் பக்கம் ரோஷ் புவாவில் பிறந்து வக்குவாவில் வாழ்க்கைப்பட்டவள். அவள் குரலுக்குப் பின்னல் இயந்திரங்களே கொஞ்சம் அடங்கும். வயதில் பெரிய ஆண்களை எங்கள் ஊரில் தோந்தோன் என்போம்; அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"என் இடுப்பு" என்றேன்.

"ஐயய்யோ! எல்லாரும் ஓடி வாங்கடி, தோந்தோன் இங்கே உடுப்பு இல்லாம இருக்கார்!"

பதினோரு பேரும் வந்துவிட்டார்கள். கையில் ரொட்டியோடு, கறியோடு, என் மேசையைச் சுற்றி நின்றார்கள். என் காது சுட்டது. ஆனால் ஒரு நிமிடத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லாம் பார்த்துப் பழகிய கண்கள். தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார்கள்.

"குண்டு எதிலேயும் உட்காரலையே" என்றாள் ஒருத்தி.

"நானும் அதைத்தான் பார்க்கிறேன்."

"இந்த நூல் வேற தனியா தொங்குது. அறுந்து போச்சோ?"

"இந்தப் பீஸை நான் விடமாட்டேன்" என்றாள் பக்கத்து மேசைக்காரி. டப்பியிலிருந்து ஒரு துண்டுச் சிவப்பு நூலை எடுத்து என் சட்டைப் பொத்தானில் கட்டினாள். "போங்க தோந்தோன். திரும்பப் பின்னிக்கிட்டு வாங்க."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் வலது பாதத்தைத் தரையிலிருந்து மெல்லத் தூக்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அந்தக் காலில் நான் பாரம் வைக்கவில்லை. நடப்பது போல நடந்தேன். ஆனால் முழு உடம்பையும் இடது கால்தான் தூக்கிக்கொண்டு போனது. அந்த வலிக்கு இப்போது எனக்கு அர்த்தம் கிடைத்துவிட்டது. குண்டு ஆடுகிறது. ஆடும்போது வலிக்கிறது. ஏதோ ஒரு நாள் நழுவும். வேனில் ஏறும்போதா, சந்தையில் படி இறங்கும்போதா என்பதுதான் தெரியாது. உள்ளூர் டாக்டரிடம் சொன்னால் திரும்ப அறுக்கச் சொல்வார். சொல்லாவிட்டால் அது தானாக விழும். இரண்டுக்கும் நடுவில் நானும் அந்தரத்தில் நின்றேன்.

மனைவியிடம் சொல்லவில்லை. ஆனால் அவளிடம் எதையும் மறைக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் செருப்புகளைக் கழுவ எடுத்தவள், இரண்டையும் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். இடது செருப்பு அடி தேய்ந்து காகிதம் போல ஆகியிருந்தது. வலது செருப்பில் கடையில் வாங்கியபோது இருந்த கோடுகள் அப்படியே இருந்தன.

"ஏங்க, ஒத்தைக் கால்ல எந்தச் சாமிக்குத் தவம் பண்றீங்க?"

"வலிக்குது, அதான்."

"வலிச்சா டாக்டர்கிட்ட கேக்கணும். செருப்புக்கிட்டயா சொல்றது?"

நான் கை நீட்டிச் செருப்புகளை வாங்கிக்கொண்டேன்.

அந்த வருடம் ஒரு புயல் எச்சரிக்கை வந்தது. ஜன்னல்களுக்குப் பலகை அடிக்க வேண்டும். எப்போதும் நான்தான் அடிப்பேன். அந்த முறை அவள் நாற்காலி மேல் ஏறினாள், நான் கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தேன். காற்று ஏற்கெனவே வாழையிலைகளைக் கிழித்துக்கொண்டிருந்தது. அவள் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓங்கி அடித்தாள். கோணலாகத்தான் அடித்தாள். ஆனால் பலகை நின்றது. வீட்டுக்குள் உட்கார்ந்து காற்று கூரையைப் பிடித்து உலுக்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு குண்டு நிற்கிறது. நான் பார்த்ததிலிருந்து நாலு மாதமாக நிற்கிறது. நான் வேனில் ஏறி இறங்கியிருக்கிறேன், மழையில் வழுக்கியிருக்கிறேன். அது விழவில்லை. அப்படியானால் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இதை இப்போது எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று அது எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. மறுநாள் காற்று அடங்கிக் காலைத் தரையில் வைத்தபோது, பயத்தோடு கூடவே ஒரு பெரிய மரியாதையும் வந்தது. என் இடுப்புக்குள் கோவில் கருவறை போல ஒரு இருட்டு. அதற்குள் எனக்குத் தெரியாத ஒன்று விழித்திருக்கிறது. தினமும் காலையில் கட்டிலிலிருந்து இறங்குவதற்கு முன் வலது தொடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அப்படியும் பாரத்தை மட்டும் வைக்கவில்லை. கும்பிடுவதற்கு இருந்த தைரியம் சாய்ந்து நிற்க இல்லை.

டாக்டர் குழு மறுபடி வந்தது. என் பெயரையும் அழைத்தார்கள். எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் தமிழில் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ஆங்கிலத்தில் கேட்க எனக்கு ஆங்கிலம் போதாது; கிரியோல் அவருக்குத் தெரியாது. இரண்டு வாரம் ஒரு தாளில் எழுதி எழுதி அடித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பாட்டுப் புத்தகத் தமிழ். ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். "மந்திரமா?" என்றாள் மனைவி.

அவர் என்னை அடையாளம் தெரிந்தது போலச் சிரித்தார். புதிய எக்ஸ்ரேயைச் சுவரிலிருந்த விளக்குப் பெட்டியில் மாட்டினார். நான் தாளை எடுக்கப் போனேன். மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். கிள்ளியதில் வாய் திறந்துகொண்டது.

"ஐயா, அடியேன் இடுப்பிலே குண்டு அந்தரத்தில் நிற்கின்றது. அதைத் தாங்குவது யாது?"

அவர் அப்படியே நின்றார். பக்கத்திலிருந்த நர்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். நான் எழுந்து போய், அந்த இருட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

அவர் என் விரலைப் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்து, அந்தப் படத்தை நான் பார்ப்பது போலப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிக்கவில்லை.

"எத்தனை மாசமா இப்படி நினைச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"எட்டு மாதங்கள் ஐயா."

"யார்கிட்டயும் கேக்கலையா?"

"பதினோரு பேர் பார்த்தார்கள் ஐயா. அனைவரும் அதையே சொன்னார்கள்."

"டாக்டருங்களா?"

"இல்லை ஐயா. ஸ்வெட்டர் பார்க்கிறவர்கள்."

நர்ஸை அனுப்பி ஏதோ கொண்டுவரச் சொன்னார். அவள் கொண்டுவந்த சிறிய பொட்டலத்தைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு வெள்ளைக் கிண்ணம். பால் நிறம். விளிம்பைச் சுற்றித் தலைமுடி போல ஒரு கம்பி. குழந்தைகள் சோறு ஆக்கி விளையாடுகிற சொப்பு அளவுதான் இருக்கும். கனமே இல்லை.

"இது பிளாஸ்டிக். இதுக்குள்ளதான் உங்க குண்டு உட்கார்ந்திருக்கு. எக்ஸ்ரே இரும்பைப் பார்க்கும், எலும்பைப் பார்க்கும், இதைப் பார்க்காது. ஊடுருவிப் போயிடும். கிண்ணம் எங்கே இருக்குன்னு எங்களுக்கும் தெரியணுமே, அதுக்குத்தான் இந்தக் கம்பி."

படத்தில் மிதந்த வெள்ளைக் கோட்டைக் காட்டினார். நான் அறுந்த நூல் என்று நினைத்தது அதுதான்.

கிண்ணத்தை விரல்களால் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முருகனின் கை என்று நான் நினைத்த இடத்தில் இது இருந்திருக்கிறது. எனக்கு ஏமாற்றம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கனமே இல்லாத ஒன்று, வெளிச்சம்கூடக் கண்டுகொள்ளாத ஒன்று, ஒரு முழு ஆளை ஒரு வருடம் சத்தமில்லாமல் தாங்கியிருக்கிறது. அந்த ஆளோ அது இல்லவே இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்திருக்கிறான். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டே இருந்தேன்.

மனைவிக்கு அதெல்லாம் இல்லை. கிரியோலில் என்னிடம், "அப்போ ஏன் வலிக்குதுன்னு கேளுங்க" என்றாள். கேட்டேன்.

அவர் போன வருடப் படத்தையும் இந்த வருடப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒரு நாடாவை எடுத்து என் இரண்டு தொடைகளையும் அளந்தார். வலது தொடை நன்றாக மெலிந்திருந்தது. "இந்தக் காலை நீங்க பயன்படுத்தவே இல்லையே" என்றார். செருப்புக் கதையை மனைவி சொன்னாள்; நான் தமிழில் சொன்னேன், பாதி விட்டுவிட்டு.

"தளரலை. ரெண்டு படமும் ஒரே மாதிரிதான் இருக்கு. தசை இப்படி வத்திப்போனதுனால கொஞ்சம் வலி இருக்கலாம். அது நடந்தா குறையும். மிச்சம் ஏன் வலிக்குதுன்னு..." நாடாவைச் சுருட்டி வைத்தார். "எனக்குத் தெரியலை. சில பேருக்கு வலிக்குது. சில பேருக்கு அது போகுது. சில பேருக்குப் போறதில்லை. திரும்ப அறுக்கணுமா வேண்டாமான்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது. நடங்க. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

என் எலும்பைத் திறந்து பார்த்த மனிதர். அவர் தெரியவில்லை என்று சொன்னார். ஒரு பெரிய மனிதர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு ஏனோ பயம் குறைந்தது. அவருக்குத் தெரியாததை நான் தனியாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை.

"எழுந்து நில்லுங்க" என்றார். "இடது காலைத் தூக்குங்க."

நான் மேசை விளிம்பைப் பிடித்தேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கடுமையாக இல்லை, ஆனால் எடுத்துவிட்டார். மனைவி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். எட்டு மாதமாக என்னைச் சுமந்த இடது பாதம் சிமென்ட் தரையை விட்டுக் கிளம்ப மாட்டேன் என்றது. கிளம்பியது. தொடைக்குள் அந்தக் கட்டைவிரல் முழு பலத்தோடு அழுத்தியது. என் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். நான் விழவில்லை. உள்ளே எதுவும் நழுவவில்லை. மூன்று எண்ணுவதற்குள் காலை இறக்கிவிட்டேன். வேர்த்துக் கொட்டியது.

"தினமும் செய்யுங்க" என்றார்.

ஆலையில் சொன்னபோது பக்கத்து மேசைக்காரி நம்பவில்லை. "பிளாஸ்டிக்கா? தோந்தோன், என் வாளி ஒரு வருஷம்கூட வரலை!" எத்தனை வருடம் வரும் என்று எல்லோரும் கேட்டார்கள். அதையும் நான் டாக்டரிடம் கேட்டிருந்தேன். பத்து வருடமோ, அதற்கு மேலோ, ஆளைப் பொறுத்தது என்றார். "அதுவும் தெரியாதா?" என்றாள். "தெரியாது" என்றேன். நான் தலை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன் போலிருக்கிறது. அவள் ஒரு நிமிடம் கேலியை மறந்துவிட்டாள். பிறகு, "அப்போ வாளியைப் பத்திரமா வச்சுக்கோங்க" என்றாள்.

அதன் பிறகு டாக்டர் இரண்டு முறை வந்து போய்விட்டார். இரண்டு முறையும் படம் மாறவில்லை, இரண்டு முறையும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். வலி பாதி போனது, பாதி இருக்கிறது. தூறல் நாட்களில் முழுதாக வரும். ஏன் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் மறுபடி போக வேண்டும்.

காலையில் கட்டில் ஓரத்தில் வலது காலில் நிற்கிறேன். மனைவி சமையலறையிலிருந்து எண்ணுவாள். அவளுக்குக் கோவிலில் கற்றுக்கொண்ட தமிழ் எண்கள் பத்து வரைதான் தெரியும். அதனால் பத்து முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். முதல் வாரங்களில் முதல் பத்தில் நாலைத் தாண்டவில்லை. இன்று காலை மூன்றாவது பத்தில் ஏழு வரை நின்றேன். எட்டு என்று அவள் சொல்லும்போது கால் இறங்கிவிட்டது.

"எட்டா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஏழு" என்றேன்.